ஒரே மாதிரி மூணு காசு: வெள்ளி முத்திரை நாணயங்களும் அவற்றின் நகல்களும்

இரண்டு மாசம் முன்னாடி உடுமலையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பையிலிருந்து ஒரு பழைய டிபன் டப்பாவை எடுத்து மேசை மேல வெச்சார். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளிக் காசு, கூடவே ஒரு அச்சடித்த அட்டை. எண்ணிப் பார்த்தேன். 32.

"கண்ணு, நீதான் காசு கீசுன்னு என்னமோ எழுதிட்டு இருக்கியாமா. இதையெல்லாம் ரெண்டு பக்கமும் நல்லா போட்டோ எடுத்துக் குடு. நான் வேலை பாத்த பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செஞ்சு குடுக்கப் போறேன்."

சித்தப்பா வரலாற்று ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமா, ஒவ்வொன்றும் 900 ரூபாய்னு ஒருத்தர்கிட்ட வாங்கிச் சேர்த்திருக்கிறார். கணக்குப் போட்டா 28,800 ரூபாய். பென்ஷன் பணம். அட்டையில் இப்படி இருந்தது: சந்திரகுப்த மௌரியர் வெளியிட்ட வெள்ளிக் காசு, 2,600 ஆண்டுகள் பழமையானது.

அட்டையைப் படித்ததுமே எனக்கு லேசா உறுத்தியது. சந்திரகுப்தர் ஆட்சிக்கு வந்தது கி.மு. 321 வாக்கில். அப்படின்னா 2,300 வருஷம் சொச்சம்தான். 2,600 எப்படி வந்தது? ஆனா அட்டை தப்பா இருக்கிறதால காசு தப்புன்னு ஆகிடாது இல்லையா. அதனால அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. போட்டோ எடுக்க ஆரம்பித்தேன்.

இந்தக் காசை எப்படிச் செய்தார்கள்

முத்திரைக் காசுதான் இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய நாணய வகை. கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளை ஒட்டித் தொடங்கியிருக்கும் என்பது பொதுவான கருத்து. கார்ஷாபணம் என்று பெயர். எடை 32 ரத்தி. ரத்தி என்பது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் குன்றிமணி. 32 குன்றிமணி எடை சுமார் 3.4 கிராம் வரும்.

செய்முறை எளிமையானது. வெள்ளியைத் தகடாக அடித்து, பட்டைகளாக நறுக்கி, பட்டையைத் துண்டுகளாக வெட்டுவார்கள். துண்டு எடை கூடுதலா இருந்தா மூலையில் ஒரு வெட்டு. அதனாலதான் பல காசுகள் சதுரமும் இல்லாம வட்டமும் இல்லாம, மூலை வெட்டின பர்பி மாதிரி இருக்கும். அப்புறம் முத்திரை. மகத, மௌரியக் காசுகளில் முன்பக்கம் பொதுவா ஐந்து குறிகள் இருக்கும். சூரியன் ஒன்று, ஆறு கைகள் நீட்டிய ஒரு குறி, மற்ற மூன்றும் யானை, காளை, மலை, மரம் என்று மாறும். இந்த ஐந்தும் ஒரே அச்சில் இல்லை. ஐந்து தனித்தனி உளிகள். ஒவ்வொன்றையும் தனியா வெச்சு, தனியா ஒரு அடி. அதனால குறிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஓரத்தில் பாதி வெளியே போய்விடும், தலைகீழாகவும் விழும்.

பர்ஹுத் ஸ்தூபியின் கல் வேலியில், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிற்பம் இருக்கிறது. அநாதபிண்டிகர் ஜேதவனத்தைப் புத்தருக்காக வாங்க, நிலம் முழுக்கக் காசு பரப்பும் காட்சி. வண்டியிலிருந்து இறக்கித் தரையில் பரப்புகிற அந்தக் காசுகள் எல்லாம் சதுரம். இன்று அது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காசு என்றால் சதுரம் என்று அந்தச் சிற்பி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை, அவர் கையில் புழங்கியது அதுதான்.

ஒரே மாதிரி இருக்கவே முடியாது

32 காசையும் போட்டோ எடுத்து, அளவு சரிபண்ணி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆபீஸில் டூப்ளிகேட் படங்களைக் கண்டுபிடிக்கச் செய்கிற வேலைதான், புதுசா ஒண்ணும் இல்லை. 5, 14, 27 என்று நான் எண் போட்டிருந்த மூன்று காசுகளும் ஒத்துப்போயின. சூரியன் அதே இடம். யானையின் தும்பிக்கை அதே ஓரத்தில் அதே மாதிரி வெட்டுப்பட்டிருக்கு. பின்பக்கச் சின்னக் குறிகூட அதே இடம், அதே சாய்வு.

இது தற்செயலா நடக்குமா? ரொம்பத் தாராளமா ஒரு கணக்குப் போடலாம். ஒவ்வொரு குறியும் காசின் மேல் பத்தே பத்து இடங்களில்தான் விழ முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து குறிக்கு 1,00,000 விதம். சூரியனையும் ஆறு கைக் குறியையும் எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், விட்டுடலாம். மீதி மூன்று குறிகளும் கடிகாரத்தின் 12 திசைகளில் ஏதோ ஒன்றைப் பார்த்து விழும் என்றால் 12 × 12 × 12 = 1,728. இரண்டையும் பெருக்கினால் 17 கோடியே 28 லட்சம். 32 காசில் 496 ஜோடிகள் இருக்கு. எல்லாமே ஒரே வகைக் காசு என்று வைத்துக்கொண்டாலும், ஏதாவது ஒரு ஜோடி ஒத்துப்போக வாய்ப்பு சுமார் மூன்றரை லட்சத்தில் ஒன்று. இதில் காசின் வெளிவடிவத்தையும் பின்பக்கக் குறியையும் நான் சேர்க்கவே இல்லை. இங்கே ஒத்துப்போனது ஜோடிகூட இல்லை, மூன்று.

விஷயம் இதுதான். ஏதோ ஒரு அசல் காசை, அல்லது அதன் போட்டோவை வைத்து, ஐந்து குறியையும் சேர்த்து ஒரே அச்சாகச் செய்து, ஒரே அடியில் அடித்திருக்கிறார்கள். அசலில் ஐந்து முறை நடந்த வேலை நகலில் ஒரு முறை நடந்திருக்கு.

மற்ற காசுகளையும் விடலை. 0.01 கிராம் காட்டும் தராசும் ஒரு டம்ளர் தண்ணியும் போதும், அடர்த்தி பார்த்துடலாம். வெள்ளி 10.5, செம்பு 8.9 சொச்சம். 3.3 கிராம் காசு நல்ல வெள்ளி என்றால் தண்ணீருக்குள் தொங்கவிடும்போது 0.31 கிராம் இழக்கும். ஜெர்மன் சில்வர் என்றால் 0.38. இந்த வித்தியாசத்தை வீட்டுத் தராசே காட்டிவிடும். ஆனா 0.01 கிராம் பிழையே 3 சதவீதம் ஆகிவிடுவதால், சுத்த வெள்ளியா, செம்பு கலந்த வெள்ளியா என்று இதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

முடிவு இப்படி வந்தது. ஒன்பது காசு வெள்ளியே இல்லை. பதினாலு காசு வெள்ளி, ஆனா ஓரம் உளியால் வெட்டின மாதிரி இல்லாம உருண்டு, மேலே ஊசிக்குத்து மாதிரி குழிகள்; அச்சில் ஊற்றி வார்த்த அடையாளம். ஒத்துப்போன அந்த மூன்றும் நல்ல வெள்ளி. ஆமாம், வெள்ளிதான். 3.3 கிராம் வெள்ளிக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். 900 ரூபாய்க்கு விற்கிறவருக்கு வெள்ளியிலேயே போலி செய்வதில் நஷ்டம் இல்லை. "உரசிப் பாத்தேன், வெள்ளிதான்" என்று சொல்வது எதற்கும் சாட்சி இல்லை. மீதி ஆறு காசு பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியலை. ஐந்து உளிகளைத் தனித்தனியா செய்து, பொறுமையா தனித்தனியா அடிக்கிற போலியை என் நிரல் பிடிக்காது.

அட்டை சொல்வது

காசைவிட எனக்கு அந்த அட்டை மேலதான் கோபம். பரிசுப் பொருளாக, நகல் என்று சொல்லியே நேர்மையா விற்கப்படும் முத்திரைக் காசுகளோடு வரும் அட்டைகளையும் பார்த்திருக்கிறேன். அவையும் ஏறக்குறைய இதே தொனிதான். ராஜா பெயர் இருக்கும், வருஷம் இருக்கும், "இந்தியாவின் முதல் நாணயம்" இருக்கும்.

முத்திரைக் காசில் எழுத்தே கிடையாது. எந்த ராஜாவின் பெயரும் இல்லை, முகமும் இல்லை, ஆண்டும் இல்லை. இது இந்த அரசனுடையது என்று சொல்வதெல்லாம் எங்கே, எதோடு கிடைத்தது என்பதை வைத்துக் கட்டிய ஊகம். உதாரணம் தட்சசீலம். 1924ல் ஜான் மார்ஷல் காலத்து அகழாய்வில் பீர் மேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அதற்குள் அலெக்சாண்டரின் காசு இரண்டு, அவருக்குப் பின் வந்த பிலிப் அரிடேயஸின் காசு ஒன்று, மூன்றும் புத்தம் புதுசு போல. பிலிப் கி.மு. 317ல் செத்துப்போனவர். அவர் காசு தேயாமல் இருக்கிறதால, புதையலை அந்தக் காலத்தை ஒட்டிப் புதைத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடிகிறது. அந்த மூன்று கிரேக்கக் காசுகளைத் தனியா யாராவது எடுத்து விற்றிருந்தால் இந்த வாதமே இல்லை.

இதே தட்சசீலக் காசுகளை வைத்துத்தான் டி.டி. கோசாம்பி 1940களின் தொடக்கத்தில் எழுதினார். கணிதப் பேராசிரியர். காசுகளை ஒவ்வொன்றாக எடை போட்டார். புழங்கப் புழங்கக் காசு தேயும், எடை குறையும், ஆகவே எடையை வைத்தே எது பழசு, எது புதுசு என்று வரிசைப்படுத்தலாம் என்பது அவர் யோசனை. பின்பக்கம் வணிகர்கள் போட்ட சோதனைக் குறிகள் கூடக் கூடச் சராசரி எடை குறைவதை எண்களாகக் காட்டினார். அந்த வரிசையை வைத்து எந்தக் காசு எந்த அரசனுடையது என்று அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனா முறை முறைதான். பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதினார், அதனாலதான் மற்றவர்கள் மறுக்கவும் முடிந்தது. 900 ரூபாய் அட்டையில் மறுக்க ஒரு பிடியும் இல்லை.

கோசாம்பி மாதிரி ஒருவர் நாளை ஏதாவது ஒரு சேகரிப்பை எடை போட்டு ஆராய்ந்தால்? அதில் மூன்றில் ஒரு பங்கு போலி கலந்திருந்தால்? போலிக்காரர் 3.3 கிராம் என்று முடிவு பண்ணி வெட்டியிருப்பார். எடை வரைபடத்தில் 3.3க்கு நேரே ஒரு பொய்க் குன்று எழும். ஏமாந்தது சித்தப்பா மட்டும் இல்லை, டேட்டாவும் கெட்டுப்போச்சு. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமா படுது.

நகல் என்பது புதுசு இல்லை

நகல் எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரலை. வெள்ளிக் காசு எவ்வளவு பழசோ, நகலும் ஏறக்குறைய அவ்வளவு பழசு. ஏதென்ஸின் ஆந்தைக் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் அத்தீனா தேவியின் தலை, மறுபக்கம் ஆந்தை, எடை 17.2 கிராம் வாக்கில். லாரியன் சுரங்க வெள்ளியில் அடித்து மத்தியதரைக் கடல் முழுக்கப் புழங்கியது. எகிப்திலும் அரேபியாவின் தென்கோடியில் யேமன் பக்கமும் அதே ஆந்தையை அடித்துக்கொண்டார்கள். காபூல் பக்கத்தில் 1933ல் கிடைத்த சமன்-இ-ஹுசூரி புதையலில் ஏதென்ஸ் ஆந்தைகளும் காந்தாரப் பகுதி முத்திரை வெள்ளியும் ஒன்றாகவே இருந்தன.

கி.மு. 375ல் ஏதென்ஸ் இதற்கு ஒரு சட்டம் போட்டது. நிகோபோன் கொண்டுவந்த சட்டம். அதைப் பொறித்த கல் 1970ல் அங்கே பழைய சந்தைப் பகுதியில் கிடைத்தது. காசு சோதிக்கிற அரசு அடிமை ஒருவர் சந்தையில் பணம் மாற்றுகிறவர்களின் மேசைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ வைத்து வெள்ளி போர்த்திய காசு வந்தால், அங்கேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும். வெளியூரில் இதே ஆந்தையோடு அடித்த காசு, ஆனா நல்ல வெள்ளி என்றால், கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். உட்கார வேண்டிய நேரத்தில் உட்காராவிட்டால் அவருக்கு 50 கசையடி.

நம்ம பக்கம் அர்த்தசாஸ்திரத்தில் ரூபதர்சகர் என்று ஒரு அதிகாரி வருகிறார், காசைப் பரிசோதிப்பவர். 16 மாஷ எடையுள்ள வெள்ளிக் காசில் 4 மாஷம் செம்பு, ஒரு மாஷம் வேறு உலோகம் என்று கலவையையும் அந்த நூலே சொல்கிறது. ஆக, வெள்ளி குறைந்தால் உடனே போலி என்றும் சொல்ல முடியாது.

ஏதென்ஸ் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்த மூன்று வகைப் பிரிவு: அசல், நல்ல நகல், ஏமாற்று. 2,400 வருஷம் முன்னாடி சந்தையில் உட்கார்ந்திருந்த ஒரு அடிமைக்குத் தெரிந்த பிரிவு இது. நாம இன்றைக்கு எல்லாத்தையும் "ரெப்ளிகா" என்ற ஒரே கவரில் போடுறோம்.

ஐரோப்பாவில் இந்த இரண்டு பாதைகளும் தெளிவாத் தெரியும். ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், 1772ல் பிறந்தவர், பழைய காசுகளுக்குக் கையால் அச்சு வெட்டி அடித்து விற்றார். புதுசாத் தெரியக் கூடாது என்று இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு, தன் குதிரை வண்டியில் கட்டி ஊரைச் சுற்றுவாராம். அதே 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ராபர்ட் ரெடி, மின்முலாம் பூசும் முறையில் அருமையான நகல்கள் செய்தார். மற்ற அருங்காட்சியகங்களும் மாணவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. தன் பெயரின் முதலெழுத்துகளை அவற்றில் குத்தினார். இரண்டு பேருமே கைதேர்ந்தவர்கள். வித்தியாசம் அந்த முதலெழுத்தில்தான். அமெரிக்காவில் 1973ல் வந்த சட்டம், நகல் நாணயத்தின் மேலேயே "காப்பி" என்ற சொல்லைப் பொறிக்கச் சொல்கிறது. அட்டையில் எழுதினால் போதாது. ஏன்னா அட்டை தொலைந்துபோகும்.

அசலா இருந்தா மட்டும்?

சரி, அந்த ஆறு காசும் அசல் என்றே வைப்போம். அப்போ சந்தோஷப்படலாமா? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். 1972 சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள், அதை வியாபாரமா விற்க உரிமம் வேண்டும். டிபன் டப்பாவுக்கு வந்த காசு எங்கிருந்தோ ஒரு புதையலைக் கலைத்து வந்திருந்தால், போனது ஆறு காசு இல்லை, அந்தப் புதையல் சொல்லியிருக்கக் கூடிய அத்தனையும்.

போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. பின்பக்கம் மீன் வடிவக் குறி. மொத்தமா, ஒரே இடத்தில் கிடைத்ததாலதான் அவை பாண்டியர் வெளியிட்டவை என்று வாதிட முடிகிறது. சென்னை மாம்பலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகளோடு ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தெனாரியஸ் ஒன்றும் இருந்தது. வடக்கே பிறந்த அந்தக் காசு வகை இங்கே அகஸ்டஸ் காலத்திலும் கையில் இருந்தது என்பதை அந்த ஒற்றை ரோமக் காசு சொல்லிவிடுகிறது. 2021ல் கீழடியில் கிடைத்ததோ ஒரே ஒரு வெள்ளி முத்திரைக் காசு. எந்தக் குழி, எந்த ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று பதிவோடு வந்ததால், டப்பா நிறையக் காசைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சித்தப்பாகிட்ட சொன்னது

போனில் சொல்ல மனசு வரலை. நேரா உடுமலைக்குப் போய், மூன்று காசையும் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையா வெச்சு, லென்ஸைக் கையில் குடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டப்பாவை மூடிட்டு, "சாப்புட்டுப் போ கண்ணு" என்று மட்டும் சொன்னார். பத்து நாள் பேசலை. விற்றவர் மேல கோபமா, என் மேல கோபமா, வரலாறு படிச்சும் ஏமாந்துட்டோமேன்னு அவர் மேலேயே கோபமா, தெரியலை.

பதினொண்ணாம் நாள் போன். "கண்ணு, அந்த அஞ்சு உளிக்கும் என்னென்ன குறி வேணும்னு வரைஞ்சு அனுப்பு. இங்க பட்டறையில ஒரு ஆசாரிகிட்டப் பேசியிருக்கேன்."

இதைத்தான் நான் நல்ல நகல் என்று சொல்லுவேன். காசின் தோற்றத்தை நகலெடுக்காம, காசு செய்யும் வேலையை நகலெடுப்பது. ஐந்து உளி, ஒரு சுத்தியல், மெல்லிய அலுமினியத் தகடு. பிள்ளைகள் தகட்டை வெட்டட்டும், எடை கூடினால் மூலையை நறுக்கட்டும், ஐந்து அடி அடிக்கட்டும். ஆளுக்கு ஒன்று அடிச்சா, ஒன்று மாதிரி இன்னொன்று வராது. ஆறாவதா ஒரு உளி, அதில் "நகல்" என்ற மூன்றெழுத்து. அதையும் அவங்க கையாலேயே குத்தட்டும்.

கண்ணாடிப் பெட்டியும் தயாராகுது. அதில் 5, 14, 27 மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இவை ஏன் அசல் இல்லை என்று எழுதித்தரச் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு காசை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் காட்டலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை அவை டிபன் டப்பாவிலேயே இருக்கும், அட்டை இல்லாம.